ஊர் சேர்ந்து கட்டும் வீடு: பத்திரம் முதல் மொட்டைமாடி வரை

ஊர்ப்புறத்தில் குறைந்த செலவில் வீடு என்று பேச்செடுத்தாலே செங்கல்லா மண்கல்லா (மண்ணை அச்சில் அழுத்திச் செய்யும் சுடாத கல்), ஓடா தளமா என்றுதான் பேச்சு போகும். பேச வேண்டியதுதான். ஆனால் நல்ல எண்ணத்தில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் கைவிட்டுப் போவது சுவர் விரிசலால் இல்லை, பத்திரத்தில் விட்ட ஓட்டையால். பத்து வீடு கட்டி உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கொடுத்தாயிற்று என்று வையுங்கள். சில வருஷத்தில் பக்கத்தில் பெரிய சாலை வருகிறது, நில விலை ஏறுகிறது, ஒருவர் விற்கிறார். வாங்குபவர் வெளியூர். அவர் கொடுத்த விலையைக் கேள்விப்பட்டு அடுத்தவரும் விற்கிறார். ஒரு தலைமுறைக்குள் பாதி வீடு விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் கையில். ஊர்ப் பிள்ளைகள் மறுபடியும் வாடகைக்கு அலைவார்கள். அதனால் இங்கே முதலில் பத்திரம், அப்புறம்தான் மண்ணும் கூரையும்.

நிலம் வேறு, வீடு வேறு

நீண்ட நாள் தாக்குப்பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: நிலத்தையும் வீட்டையும் சட்டப்படி பிரித்துவிடுவது. நிலம் ஊர் அறக்கட்டளையின் பேரில் நிற்கும், அதை யாரும் விற்க முடியாது. வீடு குடும்பத்தின் பேரில். நிலத்துக்கு நீண்ட குத்தகை, பெரும்பாலும் 99 வருஷம், வாரிசுக்குப் போகும்படி. உலகம் முழுக்க இதை 'கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்' என்கிறார்கள். அமெரிக்காவில் பிறந்த யோசனை என்று பலரும் நினைப்பது பாதிதான் சரி. வினோபா பாவே 1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதானம் (நிலமில்லாதவர்களுக்கு நிலக்கொடை), 1952-ல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமத்தில் கிராமதானமாக மாறியது. நிலம் ஊரின் பேரில், பயன்படுத்தும் உரிமை குடும்பத்தின் பேரில். இந்த ஏற்பாட்டைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் 1969-ல் ஜார்ஜியா மாநிலத்தில் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்காக 5,700 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள்.

அந்த நிலம் 1985-ல் கடனுக்கு ஏலம் போனது. வறட்சி ஒரு காரணம். கேட்ட நேரத்தில் கிடைக்காத அரசுக் கடனும், அதற்குப் பின்னால் இருந்த இனப் பாகுபாடும் பெரிய காரணம். ஊர் அறக்கட்டளைக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே விதி: நிலத்தை எந்தக் கடனுக்கும் ஈடாக வைக்கக் கூடாது. கட்டுமானக் கடன் வேண்டுமென்றால் வீட்டின் மேலும் குத்தகை உரிமையின் மேலும் மட்டும் வாங்க வேண்டும். இந்த வரி அறக்கட்டளையின் விதிமுறையிலேயே இருக்க வேண்டும். நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் இருந்தால் போதாது, அடுத்த குழு வந்து மாற்றிவிடும்.

நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள், ஒரு பங்கு ஊரின் மற்றவர்கள், ஒரு பங்கு விவரம் தெரிந்த பொதுவானவர்கள் (கணக்கர், பொறியாளர், உள்ளாட்சி ஆள்) என்பது பழைய வழக்கம். இதில் காரணம் இருக்கிறது. குடியிருப்பவர்களுக்கே பெரும்பான்மை கொடுத்தால், விலை ஏறிய வருஷத்தில் மறுவிற்பனைக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம் என்று ஓட்டுப் போட அவர்களுக்குத் தூண்டுதல் இருக்கும். அவர்களே இல்லாமல் நடத்தினால் வாடகைக்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும் மாதிரி ஆகிவிடும்.

மறுவிற்பனை விலை

பத்திரத்தின் உயிர் இந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. பொதுவாக மூன்று வகைக் கணக்கு உண்டு. வாங்கிய விலை 100, பத்து வருஷம் கழித்துச் சந்தை விலை 220 என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

முதல் வகை, ஏற்றத்தில் பங்கு. ஏறிய 120-ல் கால் பங்கு விற்பவருக்கு. அவர் 130-க்கு விற்பார், அடுத்த குடும்பம் 130-க்கு வாங்கும். அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 1984-ல் தொடங்கிய அறக்கட்டளை இந்த 25 சதவீதக் கணக்கைத்தான் பிடித்தது. கணக்குப் போட எளிது. ஆனால் இரண்டு முறை மதிப்பீட்டாளர் வர வேண்டும், அவரிடம் சண்டையும் வரும். சந்தை துள்ளினால் கால் பங்கே உள்ளூர்க்காரரால் கட்ட முடியாத தொகையாகிவிடலாம்.

இரண்டாவது, உள்ளூர் வருமானத்தோடு கட்டிப்போடுவது. அந்தப் பத்து வருஷத்தில் உள்ளூர்க் கூலியும் சம்பளமும் 50 சதவீதம் ஏறியிருந்தால் விலை 150. சந்தை எங்கே போனாலும் கவலையில்லை. அடுத்த குடும்பம் வாங்க முடியுமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். ஒரே சிக்கல், எந்த வருமானக் கணக்கை எடுப்பது என்பதைப் பத்திரத்திலேயே பெயர் சொல்லி எழுத வேண்டும், அந்தக் கணக்கு வெளிவருவது நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும்.

மூன்றாவது, போட்ட பணத்தோடு மேம்பாட்டுச் செலவு. போட்டது திரும்பக் கிடைக்கும், லாபம் கிடையாது. கேட்க நியாயமாக இருக்கிறது. பணவீக்கத்தைச் சேர்க்காவிட்டால் மட்டும், பத்து வருஷம் கழித்து வெளியேறும் குடும்பம் வேறெங்கும் வீடு வாங்க முடியாமல் நிற்கும்.

எந்த வகையானாலும், குடும்பம் தன் செலவில் சேர்த்த கூடுதல் அறைக்குத் தனிக் கணக்கு வேண்டும். கட்டும் முன் எழுத்தில் ஒப்புதல் வாங்கியது மட்டும் சேரும், தேய்மானம் கழித்து. விலை உயர்ந்த தரை ஓடு, அலங்கார முகப்பு எல்லாம் சேராது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் வழக்கில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

யார் வாங்கலாம் என்ற விதியில் 'உள்ளூர்க்காரர்' என்று மட்டும் எழுதினால் அது ஆளுக்கொரு பொருள் தரும். இத்தனை வருஷம் குடியிருந்தவர், அல்லது இங்கே நிரந்தர வேலை பார்ப்பவர், அல்லது பெற்றோர் இங்கே இருப்பவர் என்று பிரித்து எழுத வேண்டும். வேறிடத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பிவரும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அதோடு படிப்படியாக வட்டத்தை விரிக்கும் விதியும் தேவை: எட்டு வாரம் ஊருக்குள், ஆள் வராவிட்டால் அடுத்த எட்டு வாரம் பக்கத்து ஊர்கள், பிறகு மாவட்டம். இந்த விதி இல்லாமல் விற்பனையைப் பூட்டிவைத்த வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

வங்கி என்றதும் இன்னொன்று. கடன் தவணை நின்றால் எந்த நிபந்தனையும் இல்லாமல் வீட்டைச் சந்தையில் விற்கும் உரிமை வேண்டும் என்று வங்கி கேட்கும். மறுத்தால் கடனே கிடைக்காது, ஒத்துக்கொண்டால் முதல் தவறிய தவணையிலேயே ஒரு வீடு போய்விடும். நடுவழி உண்டு. தவணை தவறியதை அறக்கட்டளைக்குத் தெரிவிக்க வேண்டும், அறக்கட்டளைக்கு 90 நாள் அவகாசம், அதற்குள் பாக்கியை அடைக்கவோ வீட்டை வாங்கவோ முதல் உரிமை. அது நடக்காவிட்டால்தான் வங்கி விற்கலாம். இதற்காகவே ஒரு வீட்டின் ஆறு மாதத் தவணைக்காவது அறக்கட்டளைக் கையில் தனிப் பணம் இருக்க வேண்டும். காகிதத்தில் உரிமை இருந்து கையில் பணம் இல்லாவிட்டால் பயனில்லை.

உழைப்புக் கணக்கு

குடும்பங்களே உழைத்தால் செலவு குறையும் என்பது உண்மை. எவ்வளவு குறையும் என்பது எந்த வேலையை அவர்களிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உருகுவேயில் 1968-ன் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளில் குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம் என்பது வழக்கம். அமெரிக்க ஊர்ப்புறத்தின் சுயஉதவி வீட்டுத் திட்டத்தில் கட்டுமான உழைப்பில் 65 சதவீதம் குடும்பங்களுடையது. அங்கே ஒரு கறாரான விதியும் உண்டு: எல்லா வீடும் முடிந்த பிறகுதான் யாரும் குடிபோகலாம். தன் வீடு முடிந்ததும் ஆள் காணாமல் போவதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. எந்த வீடு யாருக்கு என்பதைக் கடைசியில் குலுக்கல் முறையில் முடிவுசெய்தால் இன்னும் நல்லது. எல்லாச் சுவரும் ஒரே அக்கறையோடு எழும்பும்.

மண் சலிப்பது, கல் அழுத்துவது, தண்ணீர் காட்டுவது, வானம் தோண்டுவது, சுமப்பது, வெள்ளையடிப்பது ஆகியவற்றைக் குடும்பங்கள் செய்யட்டும். மூலை எழுப்புவது, சென்ட்ரிங், கம்பி கட்டுவது, மின்சாரம் ஆகிய நான்குக்கும் கூலி கொடுத்துத் தேர்ந்த ஆளை வையுங்கள். நான்கு மூலையையும் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து எழுப்பிவிட்டால், நடுவில் நூல் கட்டிக் கல் வைப்பதைக் குடும்பத்து ஆட்களும் பழகிக்கொள்வார்கள். முதியவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கும் மணிக்கணக்கு வேண்டும். சமையல், கணக்கு எழுதுவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதே மணி, அதே மதிப்பு. வருகைப் பதிவேடு தினமும் சாயங்காலமே எழுதப்பட்டு எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்க வேண்டும். வாரக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதுகிற பதிவேடுதான் சங்கங்களை உடைக்கிறது.

எகிப்தில் லக்சர் அருகே 1945-ல் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி தொடங்கிய புதிய குர்னா கிராமத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைத்த மண்கல்லில் வளைவுகளும் குவிமாடங்களும் கொண்ட அருமையான கட்டடங்கள். ஆனால் பழைய கல்லறைகளைச் சுற்றிப் பிழைப்பு நடத்திவந்த குடும்பங்களை அங்கிருந்து பெயர்க்க அரசு போட்ட திட்டம் அது. அவர்கள் வர மறுத்தார்கள், திட்டம் பாதியில் நின்றது. கட்டடக்கலையில் பழுதில்லை, வீடு வேண்டுமென்று குடும்பங்கள் கேட்கவே இல்லை.

மண்ணைப் பார்ப்பது

எல்லா ஊருக்கும் மண்கல் பொருந்தாது. கரிசல் மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதில் சிமெண்ட் போட்டு அழுத்தினாலும் கல் நிற்காது, சுண்ணாம்புதான் ஓரளவு கட்டுப்படுத்தும். கரிசலில் அடித்தளமும் தனிச் செலவு, சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்கு அடி அகன்ற பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டிவரும், மண்கல்லில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். இடம் தேர்வுசெய்யும்போதே மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

பொருத்தமான மண்ணில் ஏறத்தாழ 15 சதவீதம் சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி இருக்கும். இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. மேல்மண்ணை 30 செ.மீ. அளவுக்கு ஒதுக்கிவிட்டு (வேரும் மட்கும் உள்ள மண் கல்லுக்கு ஆகாது, தோட்டத்துக்கு ஆகும்) கீழ் மண்ணை எடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சரளையும் மணலும் அடியில் உட்காரும், அதன் மேல் வண்டல், களி தெளிய ஒரு நாள் ஆகும். அளவுகோல் வைத்து அடுக்குகளின் உயரத்தை எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது கைச்சோதனை. மண்ணைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து விரல் பருமனுக்குத் திரியாக உருட்டி, மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ளுங்கள். 5 செ.மீ. நீளம் வருவதற்குள் ஒடிந்தால் மணல் அதிகம். 15 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் களி அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒடிவதுதான் வேண்டும். களி அதிகமென்றால் மணல் சேர்க்கலாம். மணல் அதிகமென்றால் வேறிடத்துக் களியைக் கொண்டுவர வேண்டும், அதற்குள் லாரி வாடகை கணக்கைக் கெடுத்துவிடும்.

கல் அழுத்துவது

கைவிசை அச்சு 1950-களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் ராவுல் ராமிரெஸ் உருவாக்கிய சின்வா-ராம் என்ற அச்சில் தொடங்குகிறது. இன்றைக்கு ஆரோவில்லின் ஆரம் அச்சு உட்படப் பல வகை இருக்கின்றன. 29 × 14 × 9 செ.மீ. கல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு கல் காய்ந்தபின் சுமார் 7 கிலோ. 1 செ.மீ. சாந்து வைத்து 14 செ.மீ. சுவர் கட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 33 கல். 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்தால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 140 கல் வரும்.

30 சதுர மீட்டர் வீட்டுக்குக் கணக்கு: வெளிச்சுவர் சுற்றளவு 22 மீட்டர், உயரம் 3 மீட்டர், கதவு ஜன்னல் 10 சதுர மீட்டர் கழித்து, உள்சுவர் 12 சேர்த்தால் 68 சதுர மீட்டர். 2,250 கல், சேதாரத்தோடு 2,450. பத்து வீட்டுக்கு 24,500 கல், 175 மூட்டை சிமெண்ட், 170 டன் மண். மண்ணெடுத்த குழி 100 கன மீட்டருக்கு மேல் வரும். அந்தக் குழி எங்கே விழ வேண்டும் என்று வரைபடத்திலேயே குறித்துவிட்டால் பின்னால் மழைநீர்க் குட்டையாக உதவும். குறிக்காவிட்டால் வீட்டோரமாகத் தோண்டிவைத்து, மழைக்காலத்தில் அடித்தளத்துக்கே தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்.

கைவிசை அச்சு ஒன்றில் ஒரு நாளைக்கு 300 முதல் 500 கல் எதிர்பார்க்கலாம். 400 என்று வைத்தால் இரண்டு அச்சில் ஒரு மாதம். கலவைத் தண்ணீரே மண் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 17,000 லிட்டர். கல்லை நனைப்பதற்கான தண்ணீர் அதைவிடக் கூடுதல். எனவே அச்சு வருவதற்கு முன் தண்ணீர் வந்திருக்க வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. சிமெண்டில் தண்ணீர் பட்டதிலிருந்து அரை மணிக்குள் அந்தக் கலவை முழுவதும் அச்சில் போயிருக்க வேண்டும். வேகமாக முடிக்கலாமென்று பெரிய குவியலாகக் கலப்பதுதான் வழக்கமான தவறு. கடைசிக் கற்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மழையில் முதலில் கரைவதும் அவைதான். ஈரம் பார்க்க, கலவையை உருண்டை பிடித்துத் தோள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி, பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது, அப்பளமாகத் தட்டையானால் அதிகம். அச்சுக்குள் போடும் மண்ணை அளந்து போட வேண்டும்; ஆளுக்கொரு கை போட்டால் கல் உயரம் மாறும், சாந்து தடிக்கும், சிமெண்ட் செலவு அங்கே ஏறும். இருபது கல்லுக்கு ஒருமுறை உயரத்தை அளந்து பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது.

அழுத்திய கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைக்க வேண்டும். பிறகு நான்கு வாரம் தினமும் நனைக்க வேண்டும். இந்த நான்கு வாரத்தில் ஒரு திருவிழா வந்தால் போதும், மூன்று நாள் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். முறை போட்டுப் பெயர் எழுதிவைப்பது தவிர வழியில்லை. தேறியதா என்று பார்க்க, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கல்லை எடை போட்டு 24 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். எடுத்ததும் முனைகள் மழுங்கினாலோ எடை 15 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ அந்த அடுக்கு வெளிச்சுவருக்கு ஆகாது.

சாந்துக்கும் அதே மண்தான், சிமெண்ட் மட்டும் கல்லில் உள்ளதைப்போல ஒன்றரை மடங்கு. சிமெண்ட் மிக அதிகமான சாந்து வைத்தால் அது கல்லைவிடக் கடினமாகி, சுவர் அசையும்போது கல் பிளக்கும். வெளியே சிமெண்ட் பூச்சும் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சில வருஷத்தில் பாளம் பாளமாக உதிரும். கூரை 60 செ.மீ. வெளியே நீட்டி, பேஸ்மெண்டைத் தரையிலிருந்து 45 செ.மீ. உயர்த்தி, ஓதம் ஏறாமல் தடுப்புப் படலம் போட்டால் மண்சுவர் பூச்சில்லாமலே நிற்கும். மின்குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் மேற்பரப்பிலேயே ஓட்டுங்கள், கட்டிய சுவரைக் கொத்துவது மண்கல்லுக்கு ஆகாது.

நல்ல செங்கல் பக்கத்திலேயே கிடைக்கிற ஊரில் மண்கல்லுக்காகப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கேரளத்தில் குறைந்த செலவு வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு போதும். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விடும் முறை அது. 23 செ.மீ. சுவரே கால்வாசி செங்கல் குறைவாக எழும்பும், சாந்து அதைவிட அதிகமாக மிச்சமாகும், நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். கொத்தனார் சாந்தை வழிக்கும்போது வெற்றிடத்துக்குள் விழுந்து நிரம்பிவிட்டால் மேலே சொன்ன எதுவும் கிடைக்காது. வெற்றிடத்தின் மேல் ஒரு பலகை வைத்துக்கொண்டே கட்டச் சொல்லுங்கள். அடிவரிசை, ஜன்னல் அடி, லிண்டல் மூன்று இடத்திலும் வெற்றிடமில்லாத வரிசை வேண்டும்.

வெக்கை எங்கிருந்து வருகிறது

வெப்ப நாடுகளில் ஒற்றைமாடி வீட்டின் வெக்கை முக்கியமாகக் கூரை வழியாக வருகிறது. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 1 கிலோவாட் விழும்; 30 சதுர மீட்டர் தளத்தில் 30 கிலோவாட். வெறும் கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சும், அதாவது 20 கிலோவாட். புதிதாக வெள்ளையடித்த தளம் கால் பங்குதான் உறிஞ்சும். வீட்டைக் குளுமையாக்க வழிதேடுபவர்கள் சுவருக்கு விலையுயர்ந்த பொருள் தேடிக்கொண்டு மொட்டைமாடியைச் சும்மா விட்டிருப்பது வழக்கமான வேடிக்கை. சுண்ணாம்பு வெள்ளை மலிவு, ஆனால் மழையில் கரையும், அழுக்கடையும். வருஷத்துக்கு ஒருமுறை கோடைக்கு முன் அடித்தாக வேண்டும்.

தளம் போடுவதில் ஃபில்லர் ஸ்லாப் சிக்கனமானது. தளத்தின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சுமைதான். அந்த இடத்தில் மங்களூர் ஓடு இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வைத்தால் கான்கிரீட் குறையும், ஓடுகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஓட்டை முந்தைய நாளே ஊறப்போட வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும், சுற்றிலும் பலமில்லாத வளையம் உண்டாகும். கான்கிரீட்டை உயரத்திலிருந்து கொட்டினால் ஓடு நகர்ந்து கம்பியை ஒட்டிவிடும், பிறகு அந்தக் கம்பி துருப்பிடிப்பதைத் தடுக்க முடியாது. சுவரை ஒட்டிய பட்டையில் ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட்டாக விடுங்கள். கம்பிக் கணக்கைப் பொறியாளர் போடட்டும், 'எல்லா வீட்டுக்கும் இதே அளவுதான்' என்கிற சென்ட்ரிங்காரர் பேச்சை நம்ப வேண்டாம்.

தடித்த மண்சுவர் எங்கேயும் குளுமை தரும் என்பதும் பாதி உண்மைதான். 30 செ.மீ. மண்சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விட எட்டுப் பத்து மணி நேரம் எடுக்கும். இரவில் நன்றாகக் குளிரும் வறண்ட இடத்தில் இது வரம். இரவிலும் வெப்பம் இறங்காத புழுக்கமான கடலோரத்தில் தூங்கும் நேரத்தில் சுவர் சூடு கக்கும். அங்கே மெல்லிய சுவரும், எதிரெதிர் ஜன்னலும், கூரையோரத் திறப்பும்தான் வேண்டும். ஒரே சுவரில் எத்தனை ஜன்னல் வைத்தாலும் காற்று சரியாக ஓடாது. வெளியேற எதிர்ப்பக்கத் திறப்பு வேண்டும். நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி திருப்பி, மேற்கில் கழிப்பறையையும் சாமான் அறையையும் வைத்தால் மேற்கு வெயிலை அவை வாங்கிக்கொள்ளும்.

வரைபடத்தில் வராத ஒன்று இருக்கிறது. கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து இரவில் ஜன்னலைச் சாத்தினால் சுவர் குளிர வேண்டிய நேரம் முழுவதும் வீணாகும். கம்பியும் கொசுவலையும் முதல் நாளே ஜன்னலோடு வர வேண்டும், 'அப்புறம் போட்டுக்கொள்ளலாம்' என்று விடக் கூடாது. வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் ஜன்னல் அளவையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். மின்சாரத்தில் கைவைக்க முதல் இடம் மின்விசிறி: சாதாரணமானது 75 வாட், பிரஷ்லெஸ் மோட்டார் வகை 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

குளிர் நாட்டுக் கணக்கே வேறு. அங்கே 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த எரிசக்தியில் கதகதப்பாக இருக்கும் வீடு) வழியில், சூடாக்க வருஷத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்குள், 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.6 முறைக்கு மேல் காற்று மாறாதபடி அடைப்பு என்பது அளவு. காற்றுக்கசிவுச் சோதனையைப் பூச்சுக்கு முன்னால் ஒருமுறை செய்ய வேண்டும். பூசி முடித்த பிறகு ஓட்டை தெரிந்தாலும் அடைக்க வழியிருக்காது.

குடிபோன பிறகு

நிலக் குத்தகையாக ஒரு சிறு மாதத் தொகை வாங்குங்கள், இலவசம் வேண்டாம். இலவசமாக விட்ட இடங்களில் பத்தாம் வருஷம் மொட்டைமாடிக் கசிவுக்கு யார் பணம் போடுவது என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது. அந்தத் தொகையை மூன்றாகப் பிரித்துத் தனித்தனிக் கணக்கில் வையுங்கள்: காப்பீடும் நிர்வாகமும் ஒன்று, தவணை தவறும் குடும்பத்துக்கான கைமாற்று ஒன்று, கூரையும் கழிவுக்குழியும் ஒன்று. வெள்ளையடிக்கும் நாள், மழைக்கு முன் மாடி வடிகால் வாயைச் சுத்தம் செய்யும் நாள், இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்ட தேதி ஆகியவை குத்தகைப் பத்திரத்தின் பின்னிணைப்பில் ஒரு தாளாக இருக்கட்டும். மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் ஓடும் வழியை, கட்டும்போதே எடுத்த புகைப்படத்தோடு அதிலேயே சேர்த்துவிடுங்கள். வீடு கைமாறும்போது சாவியோடு அந்தத் தாளும் போக வேண்டும், அதன் நகல் அறக்கட்டளைப் பெட்டியில்.